மசக்கை என்று பெயர் வாங்கிய பெட்ரோல் வாடை

1

இந்தக் கதை ஒரு வாடையில் பிறந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். பொய். இது ஒரு சொல்லில் பிறந்தது: மசக்கை. ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. (பற்றிக்கொண்டு: தானாக வந்து விழுந்த வார்த்தை. இருக்கட்டும்.)

முதல் தொடக்கம்: 'ஆவடி குவார்ட்டர்ஸில் அன்று காலை வெயில்...' வெயிலைப் பற்றி யாருக்கு அக்கறை?

இரண்டாவது: 'சுசீலாவுக்கு எப்போதுமே மூக்கு கொஞ்சம்...' பார்த்தீர்களா, என் கதாபாத்திரத்தை நானே நம்பாமல் ஆரம்பிக்கிறேன். சுசீலா நான்தான். யாரோ ஒருத்தியாக்கினால் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை, அதனால் நேராகவே சொல்கிறேன்.

2

1987. என் கணவர் ரகுநாதன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். அறுபத்தாறாம் வருஷத்துக் கார் ஒன்றை வாங்கினார். (கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இருபத்தோரு வருஷத்து ரப்பருக்குக் கம்பெனி என்ன செய்யும்?) வாங்கிய வாரமே உள்ளே பெட்ரோல் வாடை அடித்தது. அப்போது எனக்கு மூன்று மாதம்.

அம்பத்தூரில் ஷெட் வைத்திருந்த துலுக்கானத்திடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்தார், கார்புரேட்டரைத் துடைத்தார், பைப்பை முகர்ந்தார். இவர் என் விஷயத்தைச் சொன்னதும் பானெட்டை மூடிவிட்டார்.

"மாசமா கீறாங்களா? அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? வண்டி சுத்தமா கீது. என் சம்சாரத்துக்கு மல்லிப்பூவே நாறிச்சு. இது மசக்கை சார்."

"நானும் அதான் சொல்றேன், கேக்க மாட்டேங்குறா," என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள்.

3

துலுக்கானத்தை வில்லனாக்க ஆசைப்பட்டேன். ஒரு வரைவில் அவருக்கு முரட்டு மீசையும் திருட்டு முழியும் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கிளம்பும்போது ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து நீட்டிய மனிதர் அவர். "இத்த மோந்துகினே போம்மா, செரியாப் பூடும்." அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு அதிக ஆத்திரம். திட்டக்கூட முடியாமல் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மே மாதம் மகள் பிறந்தாள். வாடை போகவில்லை.

"இப்பவும் அடிக்குதுங்க."

"பச்ச உடம்பு சுசீலா, அப்படித்தான் இருக்கும்."

வயிற்றில் பிள்ளை இருந்தால் மசக்கை, வெளியே வந்தால் பச்சை உடம்பு. மூக்கு மட்டும் என்னுடையது. அது வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது இவர்கள்!

காலண்டர் தாளின் பின்பக்கம் குறிக்க ஆரம்பித்தேன். டேங்க் பாதி: வாடை இல்லை. டேங்க் நிறைய: உண்டு. நேர் ரோட்டில் குறைவு, திருமுல்லைவாயில் வளைவில் அதிகம். முன்சீட்டில் லேசாக, பின்சீட்டில் தலைவலிக்கும் அளவுக்கு. அப்படியென்றால் பின்னாலிருந்து வருகிறது. எல்லோரும் திறந்து பார்த்தது முன்னால். தாளை இவரிடம் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் பாக்குறேன்," என்றார். சட்டையைத் துவைத்தபோது அது கூழாக வந்தது.

4

ஆயுத பூஜை. முந்தின நாளே டேங்க்கை நிரப்பியிருந்தார், பூஜை முடிந்ததும் கோயிலுக்குப் போக. ஐந்து மாதக் குழந்தை பின்சீட்டில் தூங்கியது. பூசணிக்காய்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். வண்டியை மூன்று முறை சுற்றிவிட்டு உடைக்க வேண்டும்.

"என்னங்க, வாடை அடிக்குது. கற்பூரம் வேண்டாம்."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதே."

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) தீ. நாலு வரி எழுதினேன். பக்கத்து அறையில் எட்டு வயது மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன்.

(ஆ) பூசணிக்காயைப் பிடுங்கி எறிகிறேன். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை.

நடந்தது இதுதான்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாக் வாசலுக்குப் போய் நின்றேன். அவர் மூன்று சுற்றும் சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. பூசணிக்காயை உடைத்துவிட்டு, "பாத்தியா?" என்றார்.

5

மறுநாள் அவர் இல்லாத நேரத்தில் டிக்கியைத் திறந்து, ஓரத்து அட்டையைப் பிடுங்கினேன். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸ். அங்குலம் அங்குலமாக முகர்ந்துகொண்டே போனேன். அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவு வெடிப்பு.

மாலையில் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். "துலுக்கானத்தை மாத்தச் சொல்றேன்," என்றார். இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்வது: "ஓஸ் வெடிச்சிருந்துச்சு, கண்டுபிடிச்சோம்." கண்டுபிடிச்சோமாம், சோம்!

[அடித்த வரி: 'எதிர் பிளாக்கில் நின்று, ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்...']

வேண்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் டிக்கிக்குப் பின்னால் வந்தபோது, பற்றட்டும் என்று நினைத்தேன். நான் சொன்னது நிஜம் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், நினைத்தேன்.

6

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிப்பார். இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்தார். "துலுக்கானம் அப்படியே பேசுறான்," என்றார். நாலாவது தாளை இரண்டு முறை படித்தார்.

ஐந்தாவது என் கையில் இருக்கிறது. நீங்கள் படித்துவிட்டீர்கள், அவர் இன்னும் படிக்கவில்லை.

"அடுத்த தாள் எங்க?" கையை நீட்டுகிறார்.

கொடுக்கவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். கொடுக்கச் சொன்னால், படித்து முடித்ததும் அவர் என்ன சொல்வார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்கு மறுபடி மசக்கை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.