கேட்டிலிருந்து வாசலுக்கு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்

லாரி டிரைவரின் வீட்டுக் கேட்டிலிருந்து வாசல்படிக்கு அவருக்கு மட்டும் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். மற்றவர்களுக்குப் பதினோரு அடி. தபால்காரர் பதினோரு அடி நடந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்; பக்கத்து வீட்டுப் பூனை மூன்றே தாவலில் முடித்தது. டிரைவர் கேட்டைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிமெண்டுத் தரைதான். அதன் கோடியில் வீடு கடுகளவு தெரிந்தது. தெருவில் முதலில் இதை நம்பாதவர்கள் உண்டு. ஒரு மாதம் பார்த்தபின் அவர்களும் நம்பிவிட்டார்கள்.

எல்லாம் சைடு வேலையால் வந்த வினை. டிரைவர் ஒரு முதலாளியிடம் மாதச் சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது ஒரே அறை. மகள் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவே காலை மடக்கி உட்கார்ந்து படித்தாள். மாடியில் ஓர் அறை எடுத்தால் தேவலை என்று மனைவி சொன்னதும், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றத் தொடங்கினார். கட்டில், பீரோ, ஆளுயரக் கண்ணாடி எதுவானாலும் கீறல் விழாமல் அடுத்தவர் வாசலில் இறக்குவதில் கெட்டிக்காரர். லாரி முதலாளியுடையது அல்லவா, அதனால் கிளம்புமுன் கிலோமீட்டர் மீட்டரின் கேபிளைக் கழற்றிவிடுவார். சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் மீட்டரில் ஓர் எண்கூட நகராது. அந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு.

முதல் லோடு ஊருக்குள்ளேயே, பன்னிரண்டு கிலோமீட்டர். அன்று கேட்டிலிருந்து வாசலுக்கு வர அவருக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. "என்ன இது, புதுசா அன்னநடை?" என்று மனைவி சிரித்தாள். வெளியூர் லோடுகள் வரத் தொடங்கிய பிறகு அவள் சிரிக்கவில்லை. டிரைவர் போய் மெக்கானிக்கிடம் முறையிட்டார். மெக்கானிக் லாரிக்கு அடியில் படுத்தபடியே விளக்கம் சொன்னார். "நீங்க கழட்டினது கேபிளத்தாண்ணே. தூரத்தக் கழட்ட முடியுமா? மீட்டர்ல ஏறாதது எங்கயாவது எறங்கணும்ல. உங்க வீட்டு முன்னால எறங்கியிருக்கு. நடந்தா கழியாது. கேபிள மாட்டி, மீட்டர் பாக்க ஓட்டினாத்தான் கழியும்."

மாடி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் டிரைவர்.

ஆறு வருஷம் அவர்கள் கேட்டடியில் குடும்பம் நடத்தினார்கள். மனைவி நாற்காலியைத் தூக்கிவந்து போடுவாள், தட்டைக் கொண்டுவருவாள், மகளின் மார்க் ஷீட்டில் அவர் அங்கேயே நின்று கையெழுத்துப் போடுவார். பழக்கதோஷத்தில் சில நாள் அவள் வாசலிலிருந்தே "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிடுவாள். அந்தக் குரல் அவரிடம் வந்து சேராமல் பாதியிலேயே விழுந்துவிடும். உடனே தலையில் தட்டிக்கொண்டு சோற்றை எடுத்துக்கொண்டு வருவாள். மாடி எழும்பியது, ஜன்னலுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். கட்டியவர் அதைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. "நீங்க ஒரு தடவ உள்ள வந்து பாக்கணும். அதுவரைக்கும் எனக்கு அது வீடே இல்ல" என்று மனைவி சொல்வாள். அடுத்த ஞாயிறு லோடு இல்லை என்பார் அவர். இருந்தது.

பிறகு அவளுக்கு நுரையீரல் கெட்டது. அவளை முன்னறையில் வாசலை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அவளால் கேட்டுக்கு வர முடியாது என்று புரிந்த அன்று டிரைவர் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு லாரியைக் கேட்டார். முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்தார். "நீ கேபிளக் கழட்டுறது எனக்குத் தெரியாதாய்யா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்று சாவியை நீட்டினார்.

டிரைவர் கேபிளை மாட்டி, கேட்டின் ஒரு தூணை இடித்துத் தள்ளி லாரியை உள்ளே விட்டார். தெருவில் நின்றவர்களுக்கு லாரி நகரவே இல்லை. சக்கரம் சுற்றியது, ஹாரன் அடித்தது, அவ்வளவுதான். அவருக்கோ நாளுக்கு அறுநூறு கிலோமீட்டர். அக்கம்பக்கத்தார் கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றினார்கள். மகள் நாலு எட்டு நடந்து வந்து, படியில் ஏறி, கேபினுக்குள் சோறு கொடுத்தாள். பத்தொன்பதாம் நாள் தட்டில்லாமல் வந்தாள். "அப்பா, வண்டிய நிறுத்துங்க. அம்மா போயிட்டாங்க."

அவளை வெளியே கொண்டுவந்தபோது லாரியின் பக்கத்தில் சற்று நேரம் இறக்கி வைத்தார்கள். டிரைவர் இறங்கி வந்து அவள் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். கூடப் போக முடியவில்லை. திரும்பினால் கேட்டுக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் இருந்தது. அவளைக் கேட்டுக்கு வெளியே தூக்கிப்போனதைப் பார்த்துக்கொண்டே நின்றார், வாய்விட்டு அழுதார். பிறகு ஏறி மறுபடி வண்டியை எடுத்தார். உள்ளே வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள் அல்லவா.

வழியில் அவளுடைய குரல்கள் கிடந்தன. ஆறு வருஷமாக வாசலிலிருந்து கூப்பிட்டவையெல்லாம் விழுந்த இடத்திலேயே இருந்தன. அவள் திடமாக இருந்தபோது கூப்பிட்டவை தூரத்தில் விழுந்திருந்ததால் முதலில் வந்தன. "சாப்பிட வாங்க." இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பிறகு, "மழை வருது, கண்ணாடிய ஏத்துங்க." மூச்சு குறையக் குறையக் குரல்கள் வாசலை நெருங்கிவந்து விழுந்திருந்தன. "மெதுவா வாங்க" என்பது வீடு தீப்பெட்டியளவு தெரிந்தபோது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் வண்டியை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். அறுபத்திரண்டாம் நாள் லாரியின் மூக்கு வாசலில் முட்டியது. அவர் செருப்பைக் கழற்றிப் படியில் கால் வைத்தபோது, அவளுடைய கடைசிக் குரல் அங்கேயே கிடந்தது. படுக்கையிலிருந்தே, ஹாரன் சத்தத்தைக் கேட்டு அவள் சொன்னது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேம்மா" என்றார்.

மாடி அறையில் இப்போது அவர்தான் இருக்கிறார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். கேட்டுக்கும் வாசலுக்கும் அவருக்கும் பதினோரு அடிதான். வழியில் கிடந்த மற்றக் குரல்கள் தூரத்தோடு போய்விட்டன. படியில் கிடந்தது மட்டும் போகவில்லை, யார் கால் வைத்தாலும் கேட்கிறது. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர்கூட "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் மீட்டரைப் பார்க்கிறார்.