முதல் பூஜை

தமயந்திக்கு ஆட்டோ இருந்தது, லைசென்ஸ் இருந்தது, வாயும் நன்றாகவே இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: ஜோகுபாளையம் ஆட்டோ ஸ்டாண்டில் ஓர் இடம். எட்டு மாதமாக அவள் வரிசையின் கடைசியில் போய் நிற்பதும், சங்கச் செயலாளர் கோவிந்தராஜன் வந்து விரட்டுவதுமாகவே இருந்தது.

“இங்க பூஜை போட்ட வண்டிதாம்மா இந்த ஸ்டாண்டு வண்டி. அதான் ரூல்ஸு.”

“அப்போ என் வண்டிக்கும் போடுங்கண்ணா.”

“லேடீஸ் வண்டிக்கா? நல்லா கேட்ட போ!”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! தெருத்தெருவாகச் சுற்றித்தான் சவாரி பிடித்தாள்.

அப்படிச் சுற்றிய ஒரு நாள், அல்சூர் ஏரிக்கரையில் கார் பழுதாகி நின்றிருந்த ஒரு பெண் ஏறிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் தமயந்தி பதறிப்போய் ஹாரனை அமுக்கிவிட்டாள். நடிகை சஹானா! ஏறுகிற மேடையிலெல்லாம் பெண்ணுக்கும் சம உரிமை என்று பேசி, பாதிப் பேரிடம் கைதட்டும் மீதிப் பேரிடம் திட்டும் வாங்குகிற அதே சஹானா. வழிநெடுகத் தமயந்தி தன் குமுறலைக் கொட்டினாள்.

“ஜோகுபாளையம் ஸ்டாண்டா?” என்று சிரித்தாள் சஹானா. “ஆயுத பூஜைக்கு என்னைத்தான் சீஃப் கெஸ்ட்டா கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்குக் காலைல நீங்களே வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

பூஜையன்று ஸ்டாண்டே ஜொலித்தது. “மேடம் வர்ற வண்டிக்குத்தான் முதல் பூஜை!” என்று மைக்கில் கத்திக் கத்திக் கோவிந்தராஜனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வந்து நின்றது தமயந்தியின் ஆட்டோ. பின்சீட்டிலிருந்து சஹானா இறங்க, விசில் பறந்தது. கோவிந்தராஜனின் திறந்த வாய்க்குள் ஈ போனாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

“மேடம்... கார்?”

“இதுதாங்க நான் வந்த வண்டி.” சஹானா மைக்கை வாங்கிக்கொண்டாள். “இதுக்கும் சக்கரம் மூணு, உங்க வண்டிக்கும் மூணு. எண்ணிப் பாத்துட்டேன். முதல் பூஜையை ஆரம்பிக்கலாமா?”

கூட்டத்தில் இருந்த செல்போன்களெல்லாம் கோவிந்தராஜனையே படம்பிடித்தன. அவர் மென்று விழுங்கித் தலையாட்டினார். பூசணிக்காய் உடைந்தது. காருக்கென்று வாங்கிய நாலு எலுமிச்சம்பழத்தில் மூன்று சக்கரத்தடியில் போக, ஒன்று அவர் கையிலேயே நின்றது.

தமயந்தி வண்டியை நகர்த்தினாள். பழங்கள் நசுங்கின. சந்தோஷத்தில் ஒருமுறை ஹாரனை அமுக்கினாள். அதோடு விடுவாளா?

“அண்ணா, பூஜை போட்ட வண்டி எந்த ஸ்டாண்டு வண்டி?”

“நம்ம ஸ்டாண்டு வண்டி!” என்று டிரைவர்களே கத்திவிட்டார்கள்.

கோவிந்தராஜன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். அதைத் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டார்.

“பித்தம் தெளிஞ்சுதா தலைவரே?” என்று யாரோ கேட்க, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தமயந்தி வழக்கம்போல் வரிசையின் கடைசிக்கு வண்டியைத் திருப்பினாள்.

“ஏய், எங்கம்மா போற?” என்று அவர் குறுக்கே வந்து நின்றார். “முதல் பூஜை ஆன வண்டி முன்னாடிதான் நிக்கணும். அதான் ரூல்ஸு.”