ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள்

படப்பை மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திய டில்லிபாபு உடனே இறங்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் யாக்கோபு கை துடைக்கும் துணியோடு வெளியே வந்தான்.

"ஒரகடத்தாண்ட ஒரு குழியில எறங்கிச்சிண்ணா. அதுக்கப்புறம் முன்பக்கம் மொத்தமும் குளிர் ஜொரம் வந்த மாதிரி ஆடுது. பிரேக்க மிதிச்சி நிறுத்தினாதான் நிக்கிது" என்றான் டில்லிபாபு. பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளிக்கு காலையில இதுல எழிலரசிய செங்கல்பட்டு இட்டுகினு போவணும். கொழந்த தல திரும்பாம கீதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்கன்னு நர்ஸம்மா சொல்ட்டாங்க. குவாரி மொதலாளி வண்டிய எடுத்துக்கடான்னாரு. ஆனா இந்த ஆட்டத்துல அவள..."

ஷெட்டின் பின்னால் இருந்த வீட்டிலிருந்து யாக்கோபுவின் மனைவி ரத்னா டீயோடு வந்தாள். டில்லிபாபு பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு முன் சக்கரத்தைப் பார்த்தான். "டயரு உள்பக்கமா தேயுதுண்ணா" என்றான். ரத்னா இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். டம்ளர்களை ஒர்க் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படப்பையில் எல்லோரும் அவளிடம் அப்படித்தான் இருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவளுக்கு எட்டாம் மாதத்தில் வலி வந்து, செங்கல்பட்டு போய்ச் சேர்ந்து, பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டு வளைகாப்புக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு பாதியில் நின்றது. எல்லாம் அவள் மனம் நோகக் கூடாது என்றுதான். யாக்கோபும் அதையே செய்தான். தன் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த சேதியைப் பதினைந்து நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, ஒருநாள் சாப்பிடும்போது கீரையில் உப்பு போதவில்லை என்பதைப்போலச் சொன்னான். அவள் "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருந்தார்கள்.

சாயங்காலம் தானே வண்டியை வல்லத்தில் அவன் வீட்டுக்கு ஓட்டி வந்து விட்டுவிடுவதாகச் சொல்லி டில்லிபாபுவை பஸ் ஏற்றிவிட்டான். மழை விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. முதலில் டயர் காற்றைச் சரிபார்த்தான். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். பேரிங்கில் குறையில்லை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டியபோதுதான் எங்கோ "டக்" என்றது. எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் வந்த அசைவு மறுபக்கம் போகாமல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தேய்மானம். வழக்கமாக ஸ்டியரிங் பிடிக்கிற பஞ்சர் கடை ராஜாமணி காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

யாக்கோபு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு பின்பக்கம் போய், "ரத்னா, ஒரு கை ஒதவி பண்றியா? சும்மா உக்காந்து ஸ்டியரிங்க திருப்புனா போதும்" என்றான். மாட்டேன் என்பாள் என்று நினைத்தான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

அடியில் படுத்ததும் அவளுடைய முகம் மறைந்துவிட்டது. கிளட்ச் பெடல் போகிற சந்து வழியாக அவள் பாதம் மட்டும் தெரிந்தது. வெடித்த குதிகால், மெட்டி, விரலில் ஒட்டியிருந்த ஓர் உமி. "இடது... வலது... இன்னும் நல்லா திருப்பு" என்றான். வலது சக்கரத்துப் பக்கம் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனை சாக்கெட்டுக்குள் குதித்தது. "பாத்துட்டேன். இதான்" என்று ஸ்பேனரை எடுத்தான். கழற்றி, புதியதைப் பூட்டும்போதும் அவள் இறங்கவில்லை.

"டில்லிபாபு பொண்டாட்டிக்கு மாசம் ஆயிடிச்சா?" என்றாள் மேலிருந்து.

யாக்கோபுவின் கை நின்றது. பாதம் அசையாமல் இருந்தது.

"நாளிக்கு ஆஸ்பத்திரி போறாங்க" என்றான். "கொழந்த திரும்பலியாம்."

"அத ஏன் ரெண்டு பேரும் என்கிட்ட மறச்சீங்க?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"கஷ்டமாத்தான் கீது. மறச்சா மட்டும் இல்லாம போயிடுமா? எல்லாரும் பேச்ச நிறுத்தறப்போ, நான் எதுனா தப்பு பண்ணிட்ட மாதிரி கீதுயா." குரல் உடையவில்லை. ஏதோ விலைவாசி பற்றிப் பேசுகிறவளைப்போலத்தான் சொன்னாள். "நம்ம புள்ள பேரக்கூட நீ ஒரு நாள் சொல்லல. நாம வெச்ச பேர."

ஷெட்டின் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வார்த்தைகளை அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவனாலும் கேட்டிருக்க முடியாது. கண்ணுக்கு மேலே ஆயில் சட்டி கறுப்பாக நின்றது. அவன் அந்தப் பெயரைச் சொன்னான். சத்தமாக இல்லை. "ஆபிரகாம்." மேலே பாதத்தின் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

அவன் கடைசி நட்டை முடுக்கியதும், "இப்ப திருப்பட்டுமா?" என்றாள்.

திருப்பினாள். "சரியாயிடிச்சி, எறங்கு" என்றான் அவன்.

"இன்னும் நடுவுல திருப்பறப்போ கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது."

"ஜீப்புன்னா கொஞ்சம் பிளே இருக்கும்மா."

"கொஞ்சமில்ல. நீ பாரு." அவன் சொன்னதுபோல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் திருப்பவில்லை. தூளியை ஆட்டுவதுபோல, மிகச் சிறிதாக, போவதும் வருவதுமாக அசைத்தாள். பெரிய திருப்பலில் எல்லாம் சேர்ந்து ஓடிவிடும். இந்தச் சின்ன அசைவில்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கின் அசைவை வாங்கி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெல் கிராங்க், குவாரி மண்ணும் கிரீஸும் அப்பிக்கிடந்த கட்டிக்குள், முதலில் தான் மட்டும் ஆடிவிட்டு அப்புறம்தான் டை ராடை இழுத்தது. யாக்கோபு மண்ணைச் சுரண்டி விரலை வைத்தான். அவள் அசைத்தாள். விரலுக்கடியில் டொக்கென்று ஓர் அடி.

"ஐயோ, ஆமா" என்றான். "இது இப்டியே போயிருந்தா..."

பெல் கிராங்கின் உள்வளையமான புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. வேறொரு ஜீப்புக்காக வாங்கி மிஞ்சியிருந்த புது புஷ் கிட் அலமாரியில் கிடந்தது. தேய்ந்ததையெல்லாம் மாற்றியபின்தான் அலைன்மெண்ட். டயர்களில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரங்களின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் குச்சி பிடித்துப் பார்த்தான். குச்சியின் மறுமுனையை ரத்னா பிடித்தாள். முன்பக்கம் ஒரு நூலிழை குறுகலாக வரும்வரை டை ராடைத் திருகினான்.

வல்லத்துக்குக் கிளம்பியபோது அவளும் ஏறிக்கொண்டாள். சேரப்பணஞ்சேரி தாண்டியதும் மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு குழி வந்தது. வேகத்தைக் குறைக்காமல் இறக்கினான். வண்டி குதித்தது, ஸ்டியரிங் கையில் அமைதியாக நின்றது. "இன்னொரு வாட்டி" என்றாள் ரத்னா. திரும்பி வந்து இறக்கினான். "இன்னொரு வாட்டி." மூன்றாவது முறை அவளும் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்திருந்தாள். "இப்ப போ" என்றாள்.

வல்லம் வடகாலில் டில்லிபாபு வீட்டின் முன் வண்டி நின்றபோது அவனுடைய அம்மா கன்னியம்மா வெளியே வந்தாள். ரத்னாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது. நாளைக்குப் பிரசவத்துக்குப் போகிற வீட்டுக்கு இவள் வந்து நிற்கிறாளே என்ற கலக்கம் கிழவியின் கண்ணில் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. அழைத்து வந்திருக்கக் கூடாது என்று யாக்கோபு நினைத்தான். அதற்குள் எழிலரசி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்துவிட்டாள். கண்கள் வீங்கியிருந்தன. நேராக ரத்னாவிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, நீங்க அந்த ரோட்ல போயிருக்கீங்க. ரொம்பத் தூக்கிப் போடுமா?"

அதுவரை யாரும் ரத்னாவிடம் அந்த வழியைப் பற்றிக் கேட்டதில்லை.

"போடும்" என்றாள் ரத்னா. "பின்னாடி உக்காராத, முன்னாடி உக்காரு. முதுகுக்குத் தலகாணி வெச்சிக்க. குழி வர்றத டில்லிபாபு பாப்பான், நீ பாக்காத. வண்டி கெட்டியா கீது. நானே புடிச்சிப் பாத்தேன்."

எழிலரசி தலையாட்டினாள். பிறகு ரத்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வர்றீங்களாக்கா?" என்றாள்.

டில்லிபாபு அம்மாவைப் பார்த்தான். கன்னியம்மா தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை இருந்தது. அதை மருமகளிடம் தரவில்லை. ரத்னாவின் கையில் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் ஆரம்பித்தது. டில்லிபாபு வீட்டார் உள்ளே ஒதுங்கினார்கள். ரத்னா ஜீப்பின் பக்கத்தில், முன் சீட்டைப் பார்த்தபடி நின்றாள். தலையணை நனையாமல் இருக்க அதை முந்தானைக்குள் இழுத்து வயிற்றோடு சேர்த்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். யாக்கோபு ஒரு சாக்கை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.