வைக்கோலுக்கு அடியில் இருந்த அன்பு

மகள் கல்யாண விருந்தில் பணக்காரர் மட்டுமே வாங்கும் விலாங்குமீன் போட்டதுதான் மெனெக்லிஸ் செய்த தப்பு. தெருவே விரல் சூப்பியது. சேதி நகர அதிகாரியின் காதுவரை போனது. ஏதென்ஸில் தர்மம் செய்ய மனம் வேண்டாம், வசதி வெளியே தெரிந்தால் போதும். வசந்தத் திருவிழாப் போட்டியில் பாடப்போகும் பையன்களின் சாப்பாடு, உடுப்பு, பாட்டு வாத்தியார் எல்லாம் மெனெக்லிஸின் செலவு என்று உத்தரவாகிவிட்டது.

மறுநாளே அவன் கிழிந்த போர்வையோடு சந்தையில் உலாவினான். வெள்ளிக் கோப்பைகள் ஆட்டுக் கொட்டிலில், வைக்கோலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

தப்பிக்கச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. தன்னைவிட வசதியானவன் என்று இன்னொருவனைக் கை காட்டலாம். அந்த இன்னொருவன் இந்தச் செலவை ஏற்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் வீடு, நிலம், ஆடு மாடு அத்தனையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மெனெக்லிஸ் அடுத்த வீட்டு ஒனெத்தோரைக் காட்டினான். வெங்காயமும் காய்ந்த ரொட்டியும் தின்றே பல வருஷமாக ஏழையாக வாழ்ந்துவரும் பெரிய பணக்காரன் அவன். பயந்துபோய்ச் செலவை ஏற்றுவிடுவான் என்பது கணக்கு.

ஒனெத்தோர் சாட்சிகளோடு வந்து நின்றான். "மாத்திக்கலாம்பா. என் வீட்டுல வெங்காயம் நிறைய இருக்கு, உனக்குப் பிடிக்கும்ல?"

வீட்டைச் சுற்றிப் பார்த்தவன் கொட்டிலுக்குள் போய் வைக்கோல்மேல் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"எந்திரிப்பா, ஆடு முட்டும்," என்றான் மெனெக்லிஸ்.

"முட்டட்டுமே. நாளையிலேருந்து என் ஆடுதானே." ஒனெத்தோர் லேசாக நகர்ந்தான். அடியில் ஏதோ 'கிணிங்' என்றது. "உங்க வீட்டு வைக்கோலுக்கு நல்ல குரல்பா."

மெனெக்லிஸின் மனைவி மிர்ரீனி அவன் காதருகில் வந்தாள். "எங்கப்பா போட்ட கோப்பையெல்லாம் அங்கதான் கிடக்கு. பேசாம அந்தப் பாட்டையே ஒத்துக்கிட்டுத் தொலைங்க."

மெனெக்லிஸ் சாட்சிகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். "யோசிச்சுப் பார்த்தேன். நம்ம ஊரு, நம்ம பசங்க. இந்தப் புண்ணியத்தை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரல."

வசந்தத்தில் அவன் குழுவே ஜெயித்தது. பரிசாக வந்த வெண்கல முக்காலியைக் கல்மேடையில் ஏற்றி, கீழே செதுக்க வைத்தான்: 'ஊர்மேல் கொண்ட அன்பினால், தானாக முன்வந்து.' வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டி, கடைசியில் அவனே நம்பிவிட்டான். ஒரு நாள் அதிகாரிக்குப் படித்துக் காட்டும்போது குரல் தழுதழுத்தது.

ஒட்டுப்போட்ட போர்வையோடு பக்கத்தில் நின்ற ஒனெத்தோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயா, இவ்வளவு அன்பு ஒரு பாட்டோட நிக்கலாமா?" என்றான் அதிகாரியிடம். "துறைமுகத்துல போர்க்கப்பல் ஒண்ணு செலவு பண்ண ஆளில்லாம சும்மா நிக்குதாமே."