முதல் கொக்கி

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஜஸ்டின் சார் மெர்லினைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தேனிக் கல்லூரியில் இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ளூர் நாளிதழ் ஒன்று மாதம் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"இந்த வருசம் ஒரு மாணவப் பத்திரிகையாளருக்கு எப்படிப் போச்சு, வர்ற வருசத்துக்கு என்ன ஆசை. இதான் விசயம். பரிசு வாங்குன கை, நீதான் எழுதணும். அழுது வடியாம எழுதும்மா. புது வருசத்தன்னைக்கு வாசிக்கிறவனுக்குக் காப்பி கசக்கக் கூடாது."

தலையாட்டிவிட்டுத் தேவாரம் பஸ்ஸில் ஏறியவளுக்கு ஊர் வந்து சேரும்வரை ஒரு வரி ஓடவில்லை. இந்த வருசம் என்று நினைத்தாலே ஒன்றுதான் கண்முன் வந்து நின்றது. தரையில் இருந்த ஒரு தூக்குவாளி.

அவள் அம்மா செபஸ்தியம்மாள் மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். விடியுமுன்னே ஊர் முனையில் சிலுவை நட்ட குருசடி பக்கத்தில் ஜீப் வந்து நிற்கும். ஜீப்புக்குள் தலைக்கு மேலே நீளமாக ஒரு கம்பி, கம்பியில் வரிசையாகக் கொக்கிகள். டிரைவர் தங்கப்பாண்டியன் பெண்களின் சோற்றுவாளியை வாங்கி வாங்கி மாட்டுவார். எந்தக் கொக்கியில் வாளி தொங்குகிறதோ அதற்குக் கீழேதான் அவளுக்கு இடம். புதிதாக வருகிறவள் பின்படியில் தொங்க வேண்டும். முன்னால் ஒருத்தி வேலைக்கு வராமல் நின்றுபோனால், பின்னால் இருப்பவளின் வாளி ஒரு கொக்கி முன்னே நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து செபஸ்தியம்மாளின் வாளி டிரைவர் முதுகுக்குப் பின்னால் முதல் கொக்கிக்கு வந்து சேர்ந்தபோது அவள் தலை பாதி நரைத்திருந்தது. அங்கே சாய்ந்துகொள்ளலாம். மலை வளைவுகளில் கொஞ்சம் கண்ணசரலாம்.

ஐப்பசி மழைக்காலத்தில் மெர்லின் அந்த ஜீப்பைப் பற்றித்தான் எழுதினாள். ஆட்டை அடைப்பது போல ஆளை அடைப்பதை, பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வளைவு திரும்புகிறவர்களை, எல்லாம். பெயர் இல்லாத பேச்சை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உன் பேரைப் போடட்டுமா என்று கேட்டதற்குச் செபஸ்தியம்மாள் பூரித்துப்போனாள்.

"போடு, போடு. ரேசன் கார்டுலயும் ஓட்டுச் சீட்டுலயும் எம்பேரத் தப்பாத்தான் அடிச்சிருக்கான். நீயாச்சும் சரியாப் போடு."

சரியாகத்தான் போட்டாள்.

கட்டுரை வந்ததும் அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டிகளை மறித்தார்கள். ஒரு வாரம் ஜீப் ஓடவில்லை, ஊரில் பாதிப் பெண்களுக்குக் கூலி இல்லை. வாரம் கழிந்ததும் எல்லாம் பழையபடி. அன்றைக்குத் தங்கப்பாண்டியன் எல்லோர் வாளியையும் வாங்கினார். செபஸ்தியம்மாள் நீட்டியதையும் வாங்கினார். வாங்கி, குருசடிப் படியோரம் தரையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அதே மாதம் மதுரையில் மெர்லினுக்குச் சிறந்த கட்டுரைக்கான கேடயம் கொடுத்தார்கள். அது மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செபஸ்தியம்மாள் அதைத் துடைப்பதும் இல்லை, எடுக்கச் சொல்வதும் இல்லை. கூப்பிட்டால் வெங்காயக் களை எடுக்கப் போவாள். பல நாள் கூப்பிடுவதில்லை.

அம்மாவிடம் விசயத்தைச் சொல்லி இரண்டு நாள் கழித்து மெர்லின் வீட்டுக்குள் நுழைந்தபோது மொக்கம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். ஜீப்பில் அம்மாவுக்கு அடுத்த கொக்கிக்காரி.

"வா ஆத்தா, எழுத்துக்காரி. தங்கப்பாண்டி அண்ணன் சொல்லிவிட்டாக. வருசக் கடைசிக்கு மறுக்கா ஏதோ எழுதப்போறியாம்ல?"

"அவருக்கு யாரு சொன்னது?"

"ஒங்காத்தாதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அதுல ஜீப்பெல்லாம் இப்ப ஒழுங்காப் போகுதுன்னு நாலு வரி போட்டுட்டா, பழசை மறந்து ஏத்திக்கிறேன்னாக."

"ஒழுங்காவா போகுது?"

"நேத்து நான் மடியில ஒருத்தியத் தூக்கி வச்சிட்டுப் போனேன். அவ என்னைய விடக் கனம்." மொக்கம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனாள்.

மெர்லின் அம்மாவைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பொய் எழுத விடமாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

"எழுதட்டுமாம்மா?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? நெசத்த எழுதிப் பேரு வாங்குனது நீயி. ரோட்டுல நின்னது என் வாளி." அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். "எனக்கு ஜீப்பு வேணும்."

மெர்லின் செல்போனில் எழுத உட்கார்ந்தாள். வருகிற வருசத்தில் யாருடைய வாளியும் தரையில் இருக்கக் கூடாது என்று முதல் வரி தானாக வந்தது. அவளுக்கு இருந்த ஆசையே அதுதான். அதை அழித்தாள். ஒரு சின்னக் கட்டுரையால் எங்கள் ஊர் ஜீப்புகள் திருந்திவிட்டன, இன்று பெண்கள் நிம்மதியாகப் பயணம் செய்கிறார்கள், எழுத்தின் மீது நம்பிக்கை பிறந்த ஆண்டு இது என்று எழுதினாள். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. உண்மையை எழுதியபோது இப்படி வந்ததில்லை. ஜஸ்டின் சார் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

புது வருசப் பூசை முடிந்த மறுநாள் விடியலில் அம்மாவோடு அவளும் குருசடிக்குப் போனாள். தங்கப்பாண்டியன் அந்தப் பக்கத்தை மடித்து முன்கண்ணாடியில் செருகி வைத்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்க பாப்பா. சாவடியில காமிச்சேன். படிச்சுட்டுச் சிரிச்சாக, போங்கன்னுட்டாக."

அம்மாவின் வாளியை வாங்கினார். முதல் கொக்கியில் மொக்கம்மாளின் வாளி தொங்கியது. கம்பி நெடுகப் பார்த்துவிட்டுக் கடைசிக் கொக்கியில் மாட்டினார்.

"அண்ணே, எங்கம்மா எடம்..."

"நின்னுட்டு வந்தா பின்னாலேர்ந்துதான். மொறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

செபஸ்தியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். பின்படியில் ஒரு காலை வைத்தாள், மறுகாலுக்கு இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். மெர்லின் கையில் செல்போன் இருந்தது.

"என்னடி பாக்குற? இதையும் எழுதப்போறியா?"

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். வண்டி கிளம்பியது. போன ஐப்பசியில் அவள் எழுதிய வரி போலவே, வளைவில் அம்மாவின் ஒரு கால் வெளியே ஆடிக்கொண்டு போனது.

செல்போன் சிணுங்கியது. ஜஸ்டின் சார் அனுப்பியிருந்தார். கட்டுரையை எல்லோரும் பாராட்டுகிறார்களாம், வருகிற டிசம்பருக்கும் அவளே எழுத வேண்டுமாம்.