நேர்ந்துவிட்ட முடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாரிராஜ் அந்தச் சண்டையைப் போடவே இல்லை. ஒத்திகையிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். நடக்காத சண்டையை நடத்திப் பார்க்கும் ஆசையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

[கைவிட்ட தொடக்கம்: தூத்துக்குடிப் பொருட்காட்சித் திடலில், உப்புக்காற்றில் ஒரு நீல முகமூடி... வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் உப்புக்காற்றை விடுவதே இல்லை.]

மெக்சிகோவிலிருந்து முகமூடி மல்யுத்தக் குழு ஒன்று வந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி பெரிய சண்டைக்குப் பந்தயம் உண்டு. ஒருவன் முகமூடியை வைப்பான், முகமூடி இல்லாதவன் தலைமுடியை வைப்பான். தோற்றவன் முகத்தைக் காட்ட வேண்டும், அல்லது மேடையிலேயே மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு இரண்டுமே பெரிய அவமானம்.

உள்ளூர் ஏற்பாட்டாளன் ஷாம், முடியை வைக்க மாரிராஜைப் பிடித்தான். துறைமுகத்தில் வேலை, ஜிம் உடம்பு, தோளைத் தாண்டிய முடி. மாரிராஜ் தோற்க வேண்டும் என்று முன்பே பேசியாகிவிட்டது. முடியைப் பற்றி மட்டும் ஷாம் சொல்லவில்லை. மொட்டைதானே, நம் ஊரில் யார் போடவில்லை என்று இருந்துவிட்டான்.

(இங்கே ஷாமைக் கெட்டவனாக்கப் பார்த்தேன், சரிப்படவில்லை. நாசரேத்துக் கிறிஸ்தவன், முடியை யாருக்கு நேர்ந்திருக்கிறாய் என்று கேட்கும் பழக்கம் அவன் வீட்டில் இல்லை.)

3

அது திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்த முடி. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு வளர்க்கத் தொடங்கியது. இப்போது மனைவி சண்முகக்கனிக்கு எட்டாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் கோயிலில்தான் இறக்க வேண்டும். ஒத்திகையில் முடிவெட்டும் மெஷினோடு ஒருவர் மேடையேறியபோதுதான் மாரிராஜுக்கு விஷயம் புரிந்தது.

4

அவன் இறங்கிப் போனால் எனக்கு ஏது கதை? இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மாரிராஜ் பேச்சை மீறி ஜெயிக்கிறான், முகமூடி கழல்கிறது. முகம் தெரிந்தால் அந்த மனிதருக்குப் பிழைப்பே போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றில் தோற்கிறான், மெஷின் ஓடுகிறது. நல்ல கதை அதுதான், சந்தேகமே இல்லை.

அனுமதி கேட்க மாப்பிள்ளையூரணியில் அவன் வீட்டுக்குப் போனேன். மாரிராஜ் உடனே சரி என்றுவிட்டான். சண்முகக்கனிதான் சுவரைப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தாள்.

“கதைன்னாலும் அது நேர்ந்த முடிலா, அண்ணாச்சி. நீங்க வெட்டுனாலும் வெட்டுனதுதான். பிள்ள பெறக்கட்டும். அதுவரைக்கும் அங்கன கைய வைக்காதீய.”

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வந்து இரண்டாம் முடிவைத் திறந்தேன். மெஷினை அவன் நெற்றிவரை கொண்டுவந்துவிட்டேன். பிறகு அது

5

எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்துக்கு இன்னும் மூன்று சொற்கள்தான் பாக்கி. எழுதத் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் முடிக்கலாம். முடிக்குமுன் மாப்பிள்ளையூரணியில் அந்த வீட்டில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள், பிள்ளை பிறந்துவிட்டதா என்று.