எத்திராஜை நோக்கி வரும் குத்து

லாசர் விட்ட குத்து ஒன்பது வருஷமாக எத்திராஜை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஒரு எள் அளவு நகரும். குத்துச்சண்டையில் மூன்றாம் ரவுண்டு முடிந்து மணி அடித்தபின், எத்திராஜ் முதுகைக் காட்டித் தன் மூலைக்கு நடந்தபோது விட்டது. இருவருக்கும் நடுவில் ஒரு வாய்த்தகராறுகூடக் கிடையாது. கிளவுஸ் கழன்று குத்தோடு போய்விட, லாசர் வெறுங்கையோடு நின்றான்.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி அம்மா டேப் வைத்து அளந்து தீர்ப்புச் சொன்னார். மேடைக் கயிற்றுக்குள் பட்டால் விளையாட்டு. ரெஃபரி இரண்டு பாயிண்ட் குறைப்பார், அவ்வளவுதான். எத்திராஜ் விலகி, அது கயிற்றைத் தாண்டித் தெருவில் போகிற யார் மேலாவது பட்டால் குற்றம். அப்போது லாசருக்கு மூன்று வருஷம் ஜெயில்.

குத்து கிளம்பிய அன்றைக்குத் தன் மூலை ஸ்டூலில் உட்கார்ந்த எத்திராஜ் எழுந்திருக்கவே இல்லை. அவர் கல்யாணமும் அங்கேயே நடந்தது. பந்தி மட்டும் கயிற்றுக்கு வெளியே.

பேட்டையே வந்து குத்தைப் பார்த்துவிட்டுப் போனது. என்ன நேர், என்ன நிதானம்! எத்திராஜுக்கும் அதன்மேல் கொள்ளைப் பெருமை. மழை வந்தால் முதலில் அதற்குத்தான் குடை பிடிக்கச் சொல்வார்.

வருஷா வருஷம் நீதிபதி வந்து கேட்பார். "குத்தை எதிர்பாக்குறீங்களா?"

"இல்லீங்கம்மா."

எதிர்பார்த்துவிட்டால் அது முறையான குத்தாகி, லாசர் ஜெயித்ததாகிவிடும். அந்த அளவுக்கு எத்திராஜ் ஏமாளி இல்லை.

ஒரு எள் தூரமே பாக்கியிருந்த காலையில் லாசர் இட்லியோடு வந்தான்.

"எந்திரிச்சிப் போயிடுண்ணா. உன் மூஞ்சி தாங்காது. நான் உள்ள போய்ட்டு வந்துடறேன்."

"உன் ஆயுசுல நேரா வந்த குத்து இது ஒண்ணுதான்டா. இதப் போயி தெருவுல வுடச் சொல்றியா?"

லாசர் அழுதுவிட்டான். எத்திராஜ் இட்லியைச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தாடையை ஒரு எள் அளவு முன்னே நீட்டினார்.

மல்லாந்து விழுந்தார். நீதிபதி அளந்து பார்த்து, கயிற்றுக்குள்தான் என்று எழுதி, லாசரை விடுவித்தார். ரெஃபரி இரண்டு பாயிண்ட் குறைத்துவிட்டுக் குனிந்து, "ஒண்ணு" என்றார்.

லாசர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்து அவர் தலைக்கடியில் வைத்தான். 'ரெண்டு' எண்ணுவது அடுத்த தையில். பத்து எண்ணினால்தான் தோல்வி, ஒன்பதுக்குள் எழுந்தால் போதும் என்று எத்திராஜ் புரண்டு படுத்தார்.